சீயக்காயும் சவரக்கத்தியும்

கடைக்குப் போய் எந்த டப்பாவைத் திருப்பினாலும் இப்போது ‘இயற்கை’, ‘பாட்டி வைத்தியம்’ என்ற சொற்கள்தான் கண்ணில் படுகின்றன. சீயக்காய், செம்பருத்தி, ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர் என்று நம் வீட்டுக் கொல்லையிலும் நாட்டுமருந்துக் கடையிலும் கிடந்தவையெல்லாம் பளபளப்பான அட்டைப் பெட்டியில் ஏறி, நல்ல விலையோடு திரும்பி வந்திருக்கின்றன. என் வயதுக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். “அந்தக் காலத்தில் எல்லாம் இயற்கை, எல்லாம் வீட்டிலேயே, காலணா செலவில்லை” என்கிறார்கள்.

முதல் இரண்டையும் நான் ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. காசு செலவாகவில்லை என்பது உண்மை. ஆனால் யாரோ ஒருவருடைய கை செலவாகிக்கொண்டே இருந்தது. அந்தக் கைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கெடிலத்தங்கரையில் ஒரு சிறு கிராமத்தில் 1950-களில் வளர்ந்தவன் நான். பின்னால் வருவாய்த் துறையில் வேலை பார்த்து, பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பழகியவன். நினைவில் இருப்பதையும் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

எண்ணெய்க் குளியல்

ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்பது எண்ணெய்க் குளியலின் கணக்கு. சனிக்கிழமைக் குளியலுக்கு ஆத்திசூடியைச் சாட்சிக்கு இழுப்பார்கள். “வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு” என்ற பழமொழியும் உண்டு. வாணியர் என்பவர் செக்கு ஆட்டி எண்ணெய் எடுப்பவர். எண்ணெய்க்குக் காசு கொடுத்தால் மருந்துக்குக் கொடுக்க வேண்டாம் என்பது பொருள். இந்தப் பழமொழியே ஒன்றைச் சொல்லிவிடுகிறது பாருங்கள். வீட்டுக் குளியல் வீட்டோடு முடிகிற விஷயமில்லை. அதற்குப் பின்னால் காளை சுற்றும் ஒரு மரச்செக்கும், அதன்மேல் உட்கார்ந்து ஓட்டும் ஒரு குடும்பமும் இருந்தது.

நல்லெண்ணெயில் நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டு இளஞ்சூட்டில் காய்ச்சுவார் பாட்டி. உச்சந்தலையில் ஒரு கை எண்ணெயை வைத்துப் பட்பட்டென்று தட்டுவார். கண்ணில் இரண்டு சொட்டு, காதில் இரண்டு சொட்டு. பிறகு அரை மணி நேரம் கோவணத்தோடு வெயிலில் நிற்க வேண்டும். அதன்பின் சீயக்காய்.

சீயக்காய் என்பது மலையடிவாரக் காடுகளில் ஏறிப் படரும் ஒரு முட்கொடியின் காய். தண்ணீரில் கரைத்தால் நுரைப்பதற்குக் காரணம் அதிலுள்ள சப்போனின் என்ற பொருள். பூந்திக்கொட்டையிலும் அதுதான் நுரைக்கிறது. சோப்பு காரத்தன்மை உள்ளது. சீயக்காய் சற்றுப் புளிப்புத்தன்மை உள்ளது. அதனால்தான் அழுக்கும் எண்ணெயும் போன பிறகும் தலைமுடி வறண்டு விறைத்துப்போவதில்லை. எல்லா ஊரிலும் சீயக்காய்தான் என்றும் இல்லை. கொங்குப் பக்கமும் தெற்கேயும் உசிலை மரத்து இலையைக் காயவைத்துப் பொடித்து ‘அரப்பு’ என்று தேய்ப்பார்கள். இலுப்பை மரம் நிறைந்த ஊர்களில் எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் இலுப்பைப் புண்ணாக்கை அரைத்துத் தேய்ப்பார்கள். அதற்கும் சில இடங்களில் அரப்பு என்றே பெயர். எது பக்கத்தில் விளைந்ததோ அதுதான் தலைக்கு வந்தது.

இப்போது கைக்கு வருவோம். சீயக்காயை முதலில் மூன்று நாள் வெயிலில் உலர்த்த வேண்டும். வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, காய்ந்த எலுமிச்சைத் தோல், ஆவாரம்பூ எல்லாம் தனித்தனியாகக் காய வேண்டும். பிறகு உரலில் போட்டு உலக்கையால் இடி. இடிக்கும்போது வீடே தும்மும். இடித்ததைச் சலித்து, மேலே நின்ற திப்பியை மறுபடி இடிக்க வேண்டும். இடித்த பெண்களுக்கு இரண்டு நாள் கண் எரிச்சலும் தொண்டைக் கமறலும் இருக்கும். இது மாதத்துக்கு ஒருமுறை. குளியல் நாளிலோ கிணற்றிலிருந்து இறைக்க வேண்டும். தவலையை அடுப்பில் ஏற்றிச் சவுக்கு மிலாரை ஊதி எரிக்க வேண்டும். வடித்த கஞ்சியில் பொடியைக் கரைக்க வேண்டும். பிள்ளைகளைப் பிடித்து இழுத்துவந்து தேய்க்க வேண்டும். கடைசியில் தணலில் சாம்பிராணி போட்டுக் கூந்தலுக்குப் புகை காட்ட வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒன்பது பேர். புதன், சனி, செவ்வாய், வெள்ளி என்று வாரத்தில் நான்கு நாள் வெந்நீர் அடுப்பு எரிந்தது. பாட்டியும் அம்மாவும் அத்தையும்தான் இவ்வளவையும் செய்தார்கள். வெள்ளிக்கிழமை எல்லாப் பெண்பிள்ளைகளும் குளித்து முடித்தபின் கடைசியாகப் பாட்டி குளிப்பார். தவலையில் மிஞ்சிய ஆறின தண்ணீர்தான் அவருக்கு. எண்ணெய்க் குளியலின் சுகத்தைப் பற்றி ஆண்கள் பேசிக் கேட்ட அளவுக்கு, எங்கள் வீட்டுப் பெண்கள் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு பக்கத்து ஊர் மாவு மில்லில் சீயக்காய்க்கென்று தனி மெஷின் வைத்தார்கள். அரிசி மாவில் சீயக்காய் வாடை கலந்துவிடக் கூடாதே என்பதற்காகத் தனி மெஷின். உலக்கை ஓய்ந்த அந்த நாளைத் தான் மறக்கவே இல்லை என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மஞ்சளும் சோப்பும்

முகத்துக்கும் உடம்புக்கும் பெண்களுக்கு மஞ்சள், ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பயத்தமாவு. கிணற்றடியிலோ ஆற்றுப் படித்துறையிலோ ஒரு கருங்கல் இருக்கும். முட்டா மஞ்சளை அதில் உரைத்து முகத்திலும் காலிலும் பூசுவார்கள். அந்தக் கல்லின் நடுவில் விழுந்த மஞ்சள் பள்ளத்தைப் பார்த்தால் எத்தனை தலைமுறை உரைத்திருக்கும் என்று தோன்றும். கைக்குழந்தைக்குக் கடலைமாவும் பாலேடும். ஆண்களின் முதுகுக்குப் பீர்க்கங்கூடு.

சோப்பு இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்த பொருள். லைஃப்பாய் 1895-லேயே இங்கு இறங்கிவிட்டது. நம்மவர்களுக்கு அதில் ஒரு தயக்கம் இருந்தது. மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்ததோ என்ற சந்தேகம்தான் அது. முதல் உலகப்போர் முடியும் காலத்தில் கோத்ரெஜ் நிறுவனம் தாவர எண்ணெயில் சோப்பு செய்து விற்றபோது, அந்தச் சந்தேகத்துக்கு விடை கிடைத்தது. மைசூர் சந்தன சோப்பின் கதையும் அதே போரோடு சேர்ந்தது. ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த சந்தனக்கட்டை போரினால் தேங்கிப்போக, நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் அரசு, திவான் விசுவேசுவரய்யா காலத்தில், 1916-ல் பெங்களூரில் அரசு சோப்புத் தொழிற்சாலையைத் தொடங்கியது. எங்கள் வீட்டில் மைசூர் சந்தன சோப்பு விருந்தாளிக்கு மட்டும். அவர் ஊருக்குப் போனதும் அது மறுபடி காகிதத்தில் சுற்றப்பட்டு டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். புடவைகளெல்லாம் சந்தனம் மணக்கும்.

ஒரு பொட்டலத்தில் ஷாம்பு

‘ஷாம்பு’ என்ற சொல்லை வெள்ளைக்காரன் சொல் என்றே நினைக்கிறோம். அது இங்கிருந்து போன சொல். இந்தியில் ‘சாம்ப்னா’ என்றால் அழுத்திப் பிடித்துவிடுவது. பாட்னாவில் 1759-ல் பிறந்த சேக் டீன் முகமது என்பவர் இங்கிலாந்து சென்று, பிரைட்டன் கடற்கரையில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் சேர்ந்த ஒரு குளியலறை நடத்தினார். நான்காம் ஜார்ஜ் மன்னருக்கே அவர் ‘ஷாம்பூயிங் சர்ஜன்’ ஆனார். அப்போது ஷாம்பு என்றால் பிடித்துவிடுதல்தான். தலையில் தேய்க்கும் திரவம் என்ற பொருள் பின்னால் ஏறியது. பாட்டி உச்சந்தலையில் தட்டினாரே, உண்மையில் அதுதான் ஷாம்பு.

அது திரவமாகத் திரும்பி வந்தபோது பாட்டிலில் வந்தது. பாட்டில் பணக்காரர் வீட்டுக்கு மட்டுமே போனது. அதை ஏழை வீட்டுக்குக் கொண்டுவந்த பெருமை நம் கடலூருக்கு உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், கூலி வேலை செய்பவரும் ரிக்ஷா ஓட்டுபவரும் வாங்கும்படி பொருள் சிறு பொட்டலமாக இருக்க வேண்டும் என்று 1970-களிலேயே முயன்றவர். அவர் குடும்பத்திலிருந்துதான் வெல்வெட் ஷாம்பு வந்தது. அவருடைய மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலோடு தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவைக் கொண்டுவந்தார். காலியான ஐந்து உறைகளைக் கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்ற திட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் தெருப் பிள்ளைகள் குப்பைமேட்டைக் கிளறி உறை பொறுக்கினார்கள். அந்த நிறுவனம்தான் பின்னால் கெவின்கேர் ஆயிற்று. சீயக்காயை மீரா என்ற பெயரில் பொட்டலம் கட்டியதும் அதுவே.

சாஷே வந்ததால் மரபு போயிற்று என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. கருவேலங்காடாய் மாறிப்போன வாய்க்கால்களில் அந்த உறைகள் மின்னுவதைப் பார்த்தால் எனக்கும் மனம் கசக்கும். ஆனால் நடவுக்குப் போய்விட்டு இருட்டிய பின் வீடு திரும்பும் ஒரு பெண்ணிடம், மூன்று நாள் காயவைத்து இடித்துத் தலைகுளி என்று யார் சொல்ல முடியும்? ஒரு ரூபாய்க்கும் குறைந்த பொட்டலம் அவளுக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடைப்பத்தோடு வந்தவர்

இனி சவரம். இதில்தான் கணக்கு இன்னும் கடினம்.

வீட்டுக்கே வந்து சவரம் செய்துவிடுபவர் நாவிதர். மருத்துவர் என்றும் வைத்தியர் என்றும் அந்தச் சமூகத்துக்குப் பெயர் உண்டு. வெறும் மரியாதைக்காக வந்த பெயர் இல்லை அது. கட்டி கீறுவது, புண்ணுக்குக் களிம்பு போடுவது, சிலந்திக்கு மருந்து வைப்பது எல்லாம் அவர்கள் செய்ததுதான். அவர்கள் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகள். 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலிலும் இந்த வேலைகளெல்லாம் பதிவாகியிருக்கின்றன. எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைகளின் தொப்புள்கொடியை அறுத்தது ஒரு மருத்துவச்சியின் கை. முதல் முடியை இறக்கியது அவர் கணவரின் கை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளைச் சவரமும் அவர்தான். கடைசியில் சாவு வீட்டில் சடங்கு செய்யவும் அவர்தான் வர வேண்டும்.

அவர் கையில் ஒரு தோல் பை இருக்கும். அதற்கு அடைப்பம் என்று பெயர். அதற்குள் இரண்டு சவரக்கத்தி, கத்தரி, நகவெட்டி, சாணைக்கல், கத்தியைத் தீட்டும் தோல்பட்டை, ஒரு சிறு பித்தளைக் கிண்ணம், பாதரசம் உதிர்ந்த ஒரு கைக்கண்ணாடி, ஒரு படிகாரக் கட்டி. சோப்பு நுரையெல்லாம் கிடையாது. கிண்ணத்துத் தண்ணீரை விரலால் தொட்டுத் தாடையில் தேய்த்துத் தேய்த்தே முடியை மெதுவாக்குவார். அந்தத் தேய்ப்பில்தான் அவர் திறமை முழுவதும். சரியாக ஊறிய தாடையில் கத்தி ஓடும் சத்தம்கூடக் கேட்காது. முடிந்ததும் படிகாரத்தை நனைத்துத் தேய்ப்பார். சுரீர் என்று இழுக்கும். வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தம் நின்றுவிடும்.

இது நடந்த இடத்தைக் கவனியுங்கள். வீட்டுக்குள் இல்லை. திண்ணைக்குக் கீழே, கொல்லைப் புளியமரத்தடியில், ஆற்றங்கரையில். சவரம் முடிந்தவர் குளிக்காமல் வாசற்படி ஏறக் கூடாது. யாரையும் எதையும் தொடக் கூடாது. செவ்வாயும் வெள்ளியும் அமாவாசையும் சவரத்துக்கு ஆகாத நாட்கள். இன்றைக்கும் நம் பக்கத்தில் பல சலூன்கள் செவ்வாய்க்கிழமை பூட்டிக் கிடப்பது அதன் மிச்சம். வீட்டுக்குப் பிறப்பும் இறப்பும் பார்த்த அந்த மனிதர் வீட்டுக்குள் வந்ததே இல்லை. அறுபது வயதுக்காரரான அவரை ஆறு வயதுப் பிள்ளைகள் பெயர் சொல்லி ‘வாடா போடா’ என்றார்கள். அவர் அவர்களை ‘வாங்க தம்பி’ என்றார்.

கூலி? அறுவடை முடிந்து களத்தில் நெல் அளக்கும்போது அவர் ஓரமாக வந்து நிற்பார். ஆண்டு முழுவதும் செய்த வேலைக்கு வீட்டுக்கு இவ்வளவு மரக்கால் என்று அளப்பார்கள். விளைச்சல் குறைந்தால் அவருடைய அளவுதான் முதலில் குறையும். பழைய வருவாய்ப் பதிவேடுகளில் நாவிதர் மானியம், வண்ணார் மானியம் என்று துண்டு நிலங்களைக் காணலாம். களத்தில் ஊழியக்காரர்களுக்கு அளக்கும் இந்தப் பங்குக்கு அந்தப் பதிவேடுகளில் வழங்கிய பெயர் என்ன தெரியுமா? ‘சுதந்திரம்’. பரம்பரை உரிமை என்ற பொருளில் அப்படி எழுதினார்கள். அந்தச் சொல்லை முதன்முதல் ஒரு பழைய கணக்கில் பார்த்தபோது நான் சற்று நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். களத்தோரம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற அந்தப் பெரியவர் நினைவுக்கு வந்தார்.

கத்தி போகாத தெருவும் கத்தி போன வீடும்

அந்தக் கத்தி ஊருக்கெல்லாம் பொதுவானதும் இல்லை. சேரிக்கு அது போகாது. அவர் போக நினைத்தாலும் முடியாது. போனது தெரிந்தால் ஊர்க்காரர்கள் அவரிடம் தாடையைக் கொடுக்க மாட்டார்கள், களத்து நெல்லும் நின்றுவிடும். அதனால் சேரி ஆட்கள் தங்களுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் முடிவெட்டிக்கொண்டார்கள், மழித்துக்கொண்டார்கள். ‘வீட்டிலேயே சவரம்’ என்பது அவர்களுக்கு வசதியாக வந்ததல்ல. வேறு வழியில்லாமல் வந்தது.

இதைப் பற்றிக் காந்தி தம் சத்திய சோதனையில் ஓர் அனுபவத்தை எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரில் ஒரு வெள்ளைக்கார முடிதிருத்துபவர் அவருக்கு முடிவெட்ட மறுத்துவிட்டார். காந்தி நேராகக் கடைக்குப் போய்க் கத்தரி வாங்கிக் கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஒருவாறு வந்தது, பின்பக்கம் பாழ். மறுநாள் நீதிமன்றத்தில் நண்பர்கள், தலையை எலி கடித்துவிட்டதா என்று சிரித்தார்களாம். ஆனால் அவர் அந்த வெள்ளைக்காரரைக் குறை சொல்லவில்லை. கறுப்பர்களுக்கு வெட்டினால் அவருடைய வாடிக்கை போய்விடும். நம் ஊரில் நாமும் நம் நாவிதர்களைத் தீண்டப்படாதவர்களுக்குச் சேவை செய்ய விடுவதில்லையே, அதன் பலன்தான் இது என்று எழுதினார். அரசியலமைப்பின் 17-வது பிரிவும், 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டமும் இந்த மறுப்பைக் குற்றமாக்கின. சட்டம் வந்த பிறகும் எத்தனை ஊர்களில் முடிதிருத்தும் கடை நாற்காலிக்காகத் தகராறு நடந்தது என்பதை நம் செய்தித்தாள்களில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

கத்தி போகக் கூடாத இடத்துக்கும் போனது. பக்கத்து அக்கிரகாரத்தில் நார்மடிப் புடவையைத் தலைவரை இழுத்துப் போர்த்திய பாட்டிமார்களை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். கணவன் இறந்ததும் தலையை மழித்து, அதன்பின் வாழ்நாள் முழுவதும் முடி வளர வளர மழித்துக்கொண்டே இருப்பது அந்த வழக்கம். விடியுமுன் கொல்லைப்புறமாக நாவிதர் வந்து போவார். இதை மறுத்த கைகளும் உண்டு. 1890-ல் பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டேயின் முயற்சியில் நாவிதர்கள் கூட்டம் கூட்டி, இனி விதவைகளின் தலையில் கத்தி வைப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். சென்னையில் ஒரு தந்தை மறுத்தார். சிறு வயதிலேயே கணவனை இழந்த தம் மகளின் தலையை மழிக்க விடாமல் அவளைப் படிக்க வைத்தார். அந்த மகள்தான் சகோதரி சுப்புலட்சுமி. 1911-ல் பட்டம் பெற்று, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரிகளில் ஒருவராகி, பின்பு மெரினா கடற்கரை ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிப்பித்தவர். ஒரு வீட்டில் ஒருநாள் ஒரு கத்தி தடுக்கப்பட்டதால் எத்தனை பெண்கள் ஆசிரியைகள் ஆனார்கள் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பிளேடு வந்தது

அமெரிக்காவில் கிங் காம்ப் ஜில்லெட் என்றொரு விற்பனைக்காரர். கத்தியைத் தீட்டித் தீட்டிச் சலித்துப்போய், தீட்டவே வேண்டாத, மழுங்கினால் எறிந்துவிடக்கூடிய மெல்லிய தகட்டை யோசித்தார். 1903-ல் முதன்முதல் விற்பனைக்கு வந்தபோது அந்த ஆண்டு விற்றது 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த ஆண்டே ரேசர் விற்பனை தொண்ணூறாயிரத்தைத் தொட்டது. முதல் உலகப்போரில் அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்கென்று 35 லட்சம் ரேசர்களையும் 3 கோடியே 20 லட்சம் பிளேடுகளையும் வாங்கியது. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் தாமே மழித்துக்கொள்ளும் பழக்கத்தோடு திரும்பினார்கள்.

எங்கள் வீட்டுக்கு ரேசர் வந்தது 1961-ல். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா பண்ருட்டியில் வாங்கிவந்தார். மூன்று துண்டாகக் கழன்று மறுபடி திருகிக்கொள்ளும் பித்தளை ரேசர், செவன் ஓ கிளாக் பிளேடு, மயிர்த்தூரிகை, வட்ட சோப்பு. சன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டி, டம்ளரில் வெந்நீர் வைத்து, வீட்டுக்குள்ளேயே சவரம் நடந்தது. பாட்டி ஒரு மாதம் முகத்தைச் சுளித்தார், பிறகு சும்மா இருந்துவிட்டார். யாரும் அப்பாவைத் திண்ணைக்குக் கீழே போகச் சொல்லவில்லை. குளிக்காமல் உள்ளே வராதே என்றும் சொல்லவில்லை. அதே தாடை, அதே முடி. தீட்டு முடியில் இல்லை, வெட்டிய கையில்தான் இருந்ததாக ஊர் நினைத்தது என்பதை அந்த ரேசர் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஒரு பிளேடைப் பத்து நாள் ஓட்டுவார் அப்பா. மழுங்கினால் கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் வைத்து விரலால் இப்படியும் அப்படியும் தேய்த்தால் இன்னும் இரண்டு சவரம் வரும். அதன்பின் அம்மா தையலுக்கு நூலறுக்க, எங்களுக்குப் பென்சில் சீவ. பாரத், பனாமா, டோபாஸ் என்று பிளேடுகள் மாறின. சலிப்பாகப் பேசுபவரை ‘பிளேடு போடுகிறான்’ என்று சொல்லும் அளவுக்கு அது தமிழிலேயே குடியேறிவிட்டது.

அந்த ஆண்டு களத்தில் ஒரு பேச்சு எழுந்தது. “வாத்தியார் தானே மழிச்சிக்கிறாரு. அவர் வீட்டுக்கு எதுக்கு முழு அளவு?” என்றார் ஒரு பெரியவர். அப்பா குரலை உயர்த்தவில்லை. “எம் பிள்ளைங்க அஞ்சு பேருக்கும் கொடி அறுத்தது அவங்க வீட்டு அம்மா. முழுசா அளங்க” என்றார். அளந்தார்கள். ஆனால் மற்ற வீடுகளிலும் ஒவ்வொன்றாக ரேசர் வந்தது. பிரசவத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது. அளவு குறைந்துகொண்டே போயிற்று. அவர் ஒருநாளும் வாய்திறந்து கேட்கவில்லை.

அவருடைய மகன் இரண்டு ஆண்டு கழித்து நெல்லிக்குப்பத்தில் சலூன் போட்டார். எதிரும் புதிருமாக இரண்டு பெரிய கண்ணாடி, சுழலும் மர நாற்காலி, தினத்தந்தி, சுவரில் தலைவர்கள் படம். முடிவெட்ட எட்டணா. கல்லூரி நாட்களில் ஒருமுறை நான் அங்கே போயிருந்தபோது கேட்டேன்.

“ஊரை விட்டுட்டீங்களேண்ணே, அப்பா வருத்தப்படலையா?”

கத்தரியை நிறுத்தாமல் சொன்னார். “வருத்தந்தான் தம்பி. ஆனா அங்க அவரு எல்லார் வாசல்லயும் போய் நின்னாரு. இங்க எல்லாரும் எங்கடைக்கு வந்து உக்காருறாங்க. யாரு வந்தாலும் இதே நாற்காலிதான். எந்திரிக்கும்போது காசு வெச்சிட்டுப் போறாங்க. எத்தனை மரக்கால்னு நான் யாரு மொகத்தையும் பாக்க வேணாம்.”

சவரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த பிளேடு, அவரை வாசலிலிருந்து விடுவித்தது. பதிவேட்டில் எழுதியிருந்த சுதந்திரம் போனது. நமக்குத் தெரிந்த அர்த்தத்தில் ஒன்று வந்தது.

இன்னொரு மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறிந்தார்கள். அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் விழிப்புணர்வுப் பிரசாரம் கிராமம்வரை வந்தது. “புது பிளேடு போடுங்க” என்று சலூனில் கேட்கும் பழக்கம் அப்போது வந்ததுதான். தலைமுறைகளாகத் தீட்டிய பழைய சவரக்கத்தி அதோடு அடைப்பத்துக்குள் போய்விட்டது. பாதி பிளேடைச் செருகும் கைப்பிடி அந்த இடத்துக்கு வந்தது.

இன்றைய கணக்கு

என் பேரப்பிள்ளைகள் செம்பருத்தி, வெந்தயம் என்று கேட்டு வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். சீயக்காயின் நல்ல குணம் எந்தக் காலத்திலும் பொய்யில்லை. எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு வரும் தூக்கத்துக்கு ஈடாக ஒரு மாத்திரையை நான் இன்னும் பார்க்கவில்லை. அவர்களிடம் செய்முறையைச் சொல்லும்போது, யார் இடித்தார்கள், யார் தண்ணீர் இறைத்தார்கள், யார் கடைசியில் குளித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சவரத்தைப் பற்றிக் கேட்டால் அடைப்பத்தின் கதையையும் களத்தின் கதையையும் சொல்கிறேன். செய்முறை மட்டும் போய்ச் சேர்ந்து அந்த ஆட்கள் விடுபட்டுப்போனால், நம் காலத்தைப் பற்றிப் பாதிக் கதைதான் அவர்களுக்குக் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை வெந்நீரை இப்போது நானே வைத்துக்கொள்கிறேன். சீயக்காயும் வெந்தயமும் வாங்கி மொட்டைமாடியில் உலர்த்துவது என் பொறுப்பு. மில்லுக்கு எடுத்துப்போய் அரைத்து வருவதும் நான்தான். எழுபது வயதுக்கு மேல் அது நல்ல உடற்பயிற்சி. உங்கள் ஊரில் தலைக்குத் தேய்த்தது சீயக்காயா, அரப்பா, இலுப்பைப் புண்ணாக்கா? உங்கள் வீட்டில் அதை இடித்தவர் யார்? நினைவிருப்பவர்கள் எழுதி வையுங்கள். நமக்குப் பிறகு அதைச் சொல்ல ஆளில்லை.